ஆங்கில இறந்தகாலம் எங்கே உடைகிறது? அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழிமுறை

தமிழ் பேசுபவர் ஆங்கில இறந்தகாலத்தில் செய்யும் பிழைகள் கண்டபடி வருவதில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் ஒழுங்கான தமிழ் வாக்கியம் ஒன்று நிற்கும். அந்தத் தமிழ் வடிவம் எது என்று பிடித்துவிட்டால் பிழை மறுபடி தலைகாட்டாது. டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்தும் பிழை போகாதவர்கள் பலர். வாக்கியத்தின் வேர் தமிழில் இருக்கும்போது அட்டவணை அந்த வேரைத் தொடுவதில்லை.

உங்கள் வாக்கியத்தைப் போன்ற அறிகுறியைக் கீழே தேடி அங்கிருந்து படிக்கலாம். அதற்கு முன் ஒரு விதியை மட்டும் பார்த்துவிடுங்கள், பாதிப் பிழைகள் அதிலேயே அடங்கிவிடும். ஆங்கில வினைத்தொடரில் காலக்குறி ஒரே ஓர் இடத்தில்தான் விழும், அந்த இடம் தொடரின் முதல் சொல். "வென்ட்" தனியாக வந்தால் குறி அதிலேயே இருக்கிறது. "டிட் நாட் கோ" என்றால் குறி "டிட்"டில், "வாஸ் கோயிங்" என்றால் "வாஸ்"ஸில், "ஹேட் பீன் வெயிட்டிங்" என்றால் "ஹேட்"டில். பின்னால் வரும் சொற்கள் எத்தனை இருந்தாலும் அவை காலத்தைச் சுமப்பதில்லை.

அறிகுறி: "ஐ டிட் நாட் வென்ட்", "டிட் யூ ஸா ஹிம்?"

ஒரே தொடரில் இரண்டு காலக்குறிகள் விழுந்துவிட்டன. சரியான வடிவங்கள் "ஐ டிட் நாட் கோ", "டிட் யூ ஸீ ஹிம்?"

எதிர்மறை வாக்கியத்தில் தமிழே வழிகாட்டும். "போகவில்லை" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: போக, இல்லை. த், ட், ற், இன் என்று பள்ளியில் படித்த இறந்தகால இடைநிலை எதுவும் அதில் கிடையாது. நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை என்று ஆளுக்கேற்பவும் அது மாறாது. "டிட் நாட் கோ"வும் அப்படியேதான். ஐ, ஷீ, தே எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். "போனவில்லை" என்று யாரும் சொல்லமாட்டோம். "டிட் நாட் வென்ட்" என்பது அந்தப் "போனவில்லை"தான்.

கேள்வியில் இந்த உதவி கிடைக்காது. "போனாயா?" என்பதில் வினை இறந்தகாலத்திலேயே நிற்பதால், எதிர்மறையைச் சரியாகச் சொல்பவரும் "டிட் யூ வென்ட்" என்று தடுமாறுகிறார். ஆகவே கேள்விக்குத் தனிப் பயிற்சி வேண்டும். வாயில் "டிட்" வந்த உடனே அடுத்த வினை அகராதியில் இருக்கும் வடிவத்தில்தான் வரும் என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு விலக்குகள் உண்டு. கேள்விச் சொல்லே எழுவாயாக இருந்தால் "டிட்" வராது: "ஹூ கேம்?", "வாட் ஹேப்பன்ட்?" வாஸ், வேர் இரண்டும் "டிட்"டின் துணையைக் கேட்பதில்லை: "வேர் யூ அட் ஹோம்?", "ஐ வாஸ் நாட் ரெடி".

அறிகுறி: "ஐ வாஸ் வென்ட்", "ஆன் ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்", "ஐ பார்ன் இன் 1998"

"வாஸ்" என்றாலே இறந்தகாலம் என்று மனதில் பதிந்திருப்பதுதான் முதல் வாக்கியத்தின் சிக்கல். "வாஸ்" இருந்தால் அடுத்து வர இடமுள்ள வினைவடிவம் பொதுவாக இரண்டே. ஒன்று, நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் "கோயிங்" போன்ற வடிவம். மற்றொன்று, செயப்பாட்டுவினைக்கான மூன்றாம் வடிவம், அதாவது ரைட், ரோட், ரிட்டன் என்ற வரிசையில் மூன்றாவதாக நிற்பது. "த லெட்டர் வாஸ் ரிட்டன்", அதாவது கடிதம் எழுதப்பட்டது. வென்ட் இந்த இரண்டிலும் சேராது.

இரண்டாம் வாக்கியத்தில் தவறு இன்னும் நுட்பமானது. ஹேப்பன், அக்கர், டை, அரைவ், டிஸ்அப்பியர் போன்ற வினைகளுக்குச் செயப்படுபொருள் இல்லை. அதனால் செயப்பாட்டுவினையும் இல்லை. "விபத்து நடக்கப்பட்டது" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், காது உடனே மறுக்கும். "ஆன் ஆக்ஸிடென்ட் ஹேப்பன்ட்", "ஹீ டைட்" என்பவையே சரி. "ஹீ வாஸ் டெட்" என்பதும் சரியான ஆங்கிலம்தான். ஆனால் அதன் பொருள் அவர் இறந்த நிலையில் இருந்தார் என்பது.

பிறப்பில் நிலைமை தலைகீழ். தமிழில் நாமே பிறக்கிறோம். ஆங்கிலத்தில் தாய் நம்மைப் பெறுகிறாள், நாம் பெறப்படுகிறோம். "ஐ வாஸ் பார்ன்" என்பதில் வாஸ் விடுபடக் கூடாது.

அறிகுறி: "ஐ ஹேவ் வென்ட்", "ஐ ஸீன் இட்"

இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் இடம் மாறிவிட்டன. மூன்றாம் வடிவத்தை நம் வினையெச்சத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தால் குழப்பம் தெளியும். "பார்த்திருக்கிறேன்" என்பதைப் பிரித்தால் பார்த்து, இருக்கிறேன். "ஹேவ் ஸீன்" அதே கட்டு: இருக்கிறேன் என்பதன் இடத்தில் ஹேவ், பார்த்து என்பதன் இடத்தில் ஸீன். "நான் பார்த்து" என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் மிச்சத்துக்குக் காத்திருப்பார். "ஐ ஸீன்" அப்படி அந்தரத்தில் தொங்கும் வாக்கியம். "ஐ ஹேவ் ஸா" என்பதோ "பார்த்தேன் இருக்கிறேன்" என்பதைப் போன்றது.

ஒழுங்கற்ற வினைகள் சுமார் 200 என்று பட்டியல்கள் தருகின்றன. அவற்றை அகரவரிசையில் மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்கும் பி, ஹேவ், டு, ஸே, கெட், மேக், கோ, நோ, டேக், ஸீ எல்லாமே ஒழுங்கற்றவை. இவற்றில் தொடங்கி, ஓசை ஒத்தவற்றை ஒரே கொத்தாகப் படியுங்கள்:

மூன்றும் மாறுபவை: ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க், பிகின், பிகேன், பிகன், ஸிங், ஸேங், ஸங்.
"ன்" ஓசையில் முடிபவை: ரைட், ரோட், ரிட்டன், டேக், டுக், டேக்கன், கிவ், கேவ், கிவன்.
போன இடத்துக்கே திரும்பி வருபவை: கம், கேம், கம், ரன், ரேன், ரன்.
அசையாதவை: புட், கட், ஹிட், ஷட், காஸ்ட், ஹர்ட்.

அசையாத வினைகளில் "ஹீ புட்" என்பது இறந்தகாலம், "ஹீ புட்ஸ்" என்பது நிகழ்காலம். இறுதி "ஸ்" இல்லாததே அங்கே காலக்குறி.

நன்றாக எழுதுபவரையும் கவிழ்ப்பவை சில இரட்டைகள். விழுதல்: ஃபால், ஃபெல், ஃபாலன். உணர்தல்: ஃபீல், ஃபெல்ட், ஃபெல்ட். படுத்தல்: லை, லே, லேய்ன். கிடத்துதல் அல்லது வைத்தல்: லே, லெய்ட், லெய்ட். பொய் சொல்லுதல்: லை, லைட், லைட். "நேற்று படுத்திருந்தேன்" என்பதற்கு "ஐ லெய்ட்" என்று எழுதும் கை பழகிப்போன கை; அங்கே வர வேண்டியது "ஐ லே".

அறிகுறி: "ஐ ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே", "வென் ஹேவ் யூ கம்?"

வாக்கியத்தில் மூடிய காலம் ஒன்று இருக்கிறது. வினையோ திறந்த காலத்துக்கு உரியது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2010, டூ டேஸ் அகோ எல்லாம் கதவடைத்துவிட்ட காலங்கள். அவற்றோடு "ஹேவ்" சேராது. "ஐ ஸா ஹிம் யெஸ்டர்டே" என்பதே சரி. எப்போது என்று கேட்கும் "வென்" கூட மூடிய நேரம் ஒன்றைத்தான் தேடுகிறது, ஆகவே "வென் டிட் யூ கம்?"

"ஹேவ்" வரும் இடங்கள் இன்னும் திறந்திருப்பவை. எவர், நெவர், யெட், ஸோ ஃபார் போன்ற சொற்கள், அல்லது நேரமே குறிப்பிடாமல் அனுபவத்தையோ விளைவையோ சொல்லும் வாக்கியங்கள். "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை என்று கேட்பவர் புரிந்துகொள்வார். "ஐ லாஸ்ட் மை கீ" தொலைத்த செய்தியை மட்டும் தருகிறது, பிறகு கிடைத்திருக்கவும் கூடும். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் ஆகியவற்றோடு அமெரிக்கர்கள் சிம்பிள் பாஸ்ட்டையும் ("ஹேவ்" இல்லாத ஸா, வென்ட் போன்ற வெறும் இறந்தகாலம்) தாராளமாகப் பயன்படுத்துவார்கள், "டிட் யூ ஈட் யெட்?" என்று காதில் விழுந்தால் அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்.

இதே வீட்டில் இன்னொரு பிழையும் குடியிருக்கிறது: "பிஃபோர் ஃபைவ் இயர்ஸ்". ஐந்து ஆண்டுகளுக்கு முன் என்பதன் நேர்ச்சொல் அது. இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் "ஃபைவ் இயர்ஸ் அகோ" என்று எழுதுங்கள், வினையைச் சிம்பிள் பாஸ்ட்டில் வையுங்கள்.

அறிகுறி: "ஹீ ஹேட் கம் யெஸ்டர்டே", பத்தி முழுவதும் "ஹேட்"

தமிழ் பேசுபவரின் ஆங்கிலத்தை உடனே காட்டிக்கொடுக்கும் பிழை இதுதான். காரணம் "வந்திருந்தார்". நேற்று மாமா வந்திருந்தார் என்கிறோம். வந்தார், சற்று இருந்தார், இப்போது இங்கே இல்லை என்ற மொத்தப் படமும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. கொஞ்சம் மரியாதையும் அதில் ஒட்டியிருக்கும். இருந்தார் என்பதற்கு நேராக "ஹேட்" வந்து அமர, "ஹீ ஹேட் கம்" பிறக்கிறது.

ஆங்கில "ஹேட்" அந்தப் படத்தைத் தராது. அது சொல்வது ஒரே செய்தி: இது நடந்தது, இறந்தகாலத்தின் வேறொரு புள்ளிக்கும் முன்னால். ஆகவே "ஹேட்" எழுதும் ஒவ்வொரு முறையும் "எதற்கு முன்?" என்று கேளுங்கள். உங்கள் பத்தியிலேயே விடை இருந்தால் அது நிற்கலாம். விடை இல்லையென்றால் "ஹேட்"டை எடுத்துவிட்டு, இரண்டாம் வடிவத்தைப் போடுங்கள்: "ஹீ கேம் யெஸ்டர்டே".

தேவைப்படும் இடத்தில் அதன் வேலை பெரியது. "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் லெஃப்ட்" என்றால் நான் போய்ச் சேர்ந்ததும் ரயில் புறப்பட்டது, ஓடினால் பிடித்திருக்கலாம். "த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்" என்றால் சேர்வதற்கு முன்பே போய்விட்டது. வேறு எந்தச் சொல்லும் மாறவில்லை, நிகழ்ந்தது மாறிவிட்டது.

ஆஃப்டர், பிஃபோர் போன்ற சொற்கள் வரிசையைத் தாங்களே சொல்லிவிடுவதால் அங்கே "ஹேட்" கட்டாயமில்லை. நடந்த வரிசையிலேயே கதை சொன்னாலும் வேண்டாம்: எழுந்தேன், குளித்தேன், கிளம்பினேன் எல்லாம் சிம்பிள் பாஸ்ட்டில் சீராக ஓடும். வரிசையை உடைத்துப் பின்னால் போகும்போதுதான் "ஹேட்" வேண்டும். அங்கேயும் முதல் ஓரிரு வினைகளுக்குப் போட்டுவிட்டால், பின்னால் போயிருக்கிறோம் என்பது வாசகருக்குப் பிடிபட்டுவிடும். பிறகு சிம்பிள் பாஸ்ட்டே போதும்.

"ஐ ஹேட் லஞ்ச்" என்பதில் இருக்கும் ஹேட் வேறு. அங்கே அதுவே முதன்மை வினை, சாப்பிட்டேன் என்று பொருள். "ஐ ஹேட் ஹேட் லஞ்ச் பிஃபோர் ஹீ கேம்" என்று இரண்டு ஹேட் அடுத்தடுத்து வந்தாலும் இலக்கணம் பிசகவில்லை.

அறிகுறி: "ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்", "சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்"

"காலையிலிருந்து காத்திருக்கிறேன்" என்பதில் தமிழ் வினை நிகழ்காலம். ஆங்கிலத்திலோ, அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு "ஹேவ் பீன்" வேண்டும்: "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்".

சின்ஸ், ஃபார் இரண்டையும் தமிழ் ஒட்டே பிரித்துக் கொடுக்கும். "இலிருந்து" வந்தால் சின்ஸ்: 2019இலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து. "ஆக" வந்தால் ஃபார்: ஐந்து ஆண்டுகளாக, மூன்று மணி நேரமாக. தொடர்ச்சி முடிந்துபோயிருந்தால் ஹேவ் வேண்டாம்: "ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றால் இப்போது அங்கே இல்லை.

அறிகுறி: "ஐ வாஸ் நோயிங் ஹிம்", "ஐ வாஸ் கோயிங் தேர் எவ்ரி டே"

நோ, லைக், வான்ட், நீட், பிலீவ், ஓன், பிலாங் போன்றவை செயலைச் சொல்வதில்லை, நிலையைச் சொல்கின்றன. அவை பொதுவாக "இங்" ஏற்பதில்லை. "ஐ நியூ ஹிம்" என்பதே சரி.

இரண்டாம் வாக்கியத்துக்கு மூலம் "தினமும் போய்க்கொண்டிருந்தேன்". தமிழில் கொண்டிருத்தல் வழக்கத்துக்கும் பொருந்தும். ஆங்கில "வாஸ் கோயிங்" பெரும்பாலும் ஒரு தருணத்தில் பாதி நடந்திருந்த செயலுக்கு உரியது: "ஐ வாஸ் குக்கிங் வென் த ஃபோன் ரேங்". பழைய வழக்கத்துக்கு "ஐ யூஸ்ட் டு கோ" அல்லது வெறும் "ஐ வென்ட் எவ்ரி டே". "வுட்" போட்டும் வழக்கத்தைச் சொல்லலாம், ஆனால் செயலுக்கு மட்டும். எனக்கு அப்போது சைக்கிள் இருந்தது என்ற பொருளில் "ஐ வுட் ஹேவ் எ பைசைக்கிள்" என்று எழுத முடியாது. "ஐ யூஸ்ட் டு ஹேவ்" என்றே எழுத வேண்டும்.

அறிகுறி: "ஹீ டோல்ட் தட் ஐ வில் கம்"

தமிழில் "வருகிறேன் என்றான்" என்று பேசியவரின் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்து வைக்கிறோம். அதை ஆங்கிலத்தில் செய்தால் மேற்கோள் குறி போட வேண்டும். "தட்" போட்டுச் சொன்னால் ஆளும் மாறும், காலமும் ஒரு படி பின்னே போகும்: "ஹீ செட் தட் ஹீ வுட் கம்". மனதுக்குள் முதலில் "வருவதாகச் சொன்னான்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். நான் என்பது அங்கேயே உதிர்ந்துவிடும். "டோல்ட்" யாரிடம் என்ற சொல்லைக் கேட்கும், "டோல்ட் மீ" போல, "செட்" கேட்காது. சொன்ன செய்தி இன்றும் உண்மையாக இருந்தால் காலத்தைப் பின்னே தள்ளாமலும் விடலாம்.

அறிகுறி: "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்", "ஷுட் ஹேவ்", "மஸ்ட் ஹேவ்" குழப்பம்

நடக்காமல் போனதைச் சொல்வதில் தமிழும் ஆங்கிலமும் அழகாகப் பொருந்துகின்றன. தெரிந்திருந்தால் வந்திருப்பேன். "இருந்தால்" என்ற பகுதிக்கு "ஹேட்", "இருப்பேன்" என்ற பகுதிக்கு "வுட் ஹேவ்": "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்". "ஆல்" ஒட்டிய பக்கத்துக்கு "வுட்" போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

"போயிருக்க வேண்டும்" அப்படிப் பொருந்தாது, ஏனென்றால் அதற்கு இரண்டு பொருள். வண்டியைக் காணோம், அவர் போயிருக்க வேண்டும் என்பது ஊகம்: "ஹீ மஸ்ட் ஹேவ் கான்". அழைத்தார்களே, நீ போயிருக்க வேண்டும் என்பது குறை: "யூ ஷுட் ஹேவ் கான்". எது என்று முடிவு செய்யாமல் ஆங்கிலத்துக்குள் நுழையாதீர்கள். "போக வேண்டியிருந்தது" மூன்றாவது வகை, உண்மையிலேயே ஏற்பட்ட கட்டாயம்: "ஐ ஹேட் டு கோ".

"முடிந்தது" என்பதற்கு எப்போதும் "குட்" பொருந்தாது. பொதுத் திறமைக்குக் குட். ஒரு முறை முயன்று சாதித்ததற்கு "வாஸ் ஏபிள் டு" அல்லது "மேனேஜ்ட் டு". முடியவில்லை என்பதற்கு மட்டும் இரண்டு இடத்திலும் "குட் நாட்" போதும்.

அறிகுறி: எழுத்தில் சரி, பேச்சில் "ஆஸ்கட்", "வாஷட்"

ஒழுங்கு வினைகளின் இறுதியில் வரும் ஈ-டி எழுத்துகள் தனி அசையாக ஒலிப்பது மூலவினை ட் ஓசையில் (ஆங்கில t அல்லது d) முடியும்போது மட்டும்: வான்டட், நீடட். மற்ற இடங்களில் அது ஒட்டிக்கொள்ளும் மெய்: ஆஸ்க்ட், வாஷ்ட், ப்ளேய்ட், கால்ட். நேக்கட், விக்கட் போன்ற பெயரடைகள் விலக்கு. எழுதும்போது ஸ்டாப் என்ற சொல்லில் பி எழுத்து இரட்டிக்கும், ஸ்டடி என்ற சொல்லின் ஒய் எழுத்து ஐ ஆகும். வாசித்தலுக்கான ரீட் எழுத்தில் மாறாமல், இறந்தகாலத்தில் "ரெட்" என்று ஒலிக்கும்.

அறிகுறி: ஒவ்வொரு வாக்கியமும் தேறிவிடும் போலிருக்கிறது, பத்தி குதிக்கிறது

இப்படி ஒரு பத்தி: "யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு த ஸ்டேஷன். வென் ஐ ரீச், த ட்ரெயின் வாஸ் லெஃப்ட். இட் வாஸ் ரெய்னிங். ஐ ஹேவ் கால்ட் மை பிரதர், பட் ஹீ டிட் நாட் ஆன்ஸர்ட்."

முதலில் பத்தி நிற்கும் காலத்தைக் கண்டுபிடியுங்கள். இங்கே அது "யெஸ்டர்டே", மூடிய காலம். ஆகவே அடித்தளம் சிம்பிள் பாஸ்ட். "ஹேட் கான்" எதற்கும் முன்னால் இல்லை, "வென்ட்" ஆகும். "ரீச்" அதே தளத்தில் "ரீச்ட்", அதோடு எதை என்று சொல்லும் "இட்". ரயில் போனது சேர்வதற்கு முன், இங்கேதான் "ஹேட் லெஃப்ட்" தேவை. மழை பின்னணியில் பெய்துகொண்டிருந்தது, அந்த வாக்கியத்தைத் தொடாதீர்கள். "ஹேவ் கால்ட்" மூடிய காலத்தில் நிற்காது, "கால்ட்". கடைசியில் இரட்டைக் காலக்குறி, "ஆன்ஸர்" மட்டும் போதும்.

திருத்திய பின்: "யெஸ்டர்டே ஐ வென்ட் டு த ஸ்டேஷன். வென் ஐ ரீச்ட் இட், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட். இட் வாஸ் ரெய்னிங். ஐ கால்ட் மை பிரதர், பட் ஹீ டிட் நாட் ஆன்ஸர்."